இரண்டரை மாத ஊசியும் இரண்டரை மில்லி மருந்தும்

குழந்தையின் முதல் பெண்டா தடுப்பூசிக்கு நான் ஊரில் இல்லை. பிரசவத்துக்கு வந்த மனைவி கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். எனக்கு வேலை சென்னையில். ஆறாவது வாரம், இரண்டு தொடையிலும் கையிலுமாக மூன்று குத்து, வாயில் சொட்டு மருந்து. அன்று இரவெல்லாம் போனில் அழுகைச் சத்தம்தான். அதனால் பத்தாவது வார ஊசிக்கு, அதாவது இரண்டரை மாச ஊசிக்கு, லீவு போட்டுவிட்டு செவ்வாய் இரவே மஞ்சக்குப்பம் வந்துவிட்டேன். புதன்கிழமைதான் தடுப்பூசி நாள்.

அத்தைக்கு அந்தப் பெண்டா ஊசியே பிடிக்கவில்லை. "ஒரே ஊசியில அஞ்சு வியாதிக்கு மருந்தாம். பிஞ்சு உடம்பு எப்படித் தாங்கும் மாப்பிள்ள?" என்றார். இது புது ஊசி, நம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்று வாட்ஸப்பில் வந்த ஒரு குரல் பதிவையும் போட்டுக் காட்டினார். புதுசெல்லாம் இல்லை. அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரிலேயே தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் தொடங்கிவிட்டார்கள். அப்போது போட்டுக்கொண்ட பிள்ளைகளுக்கு இப்போது மீசை அரும்புகிறது. ஐந்தில் மூன்று, தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி ஆகியவற்றுக்கான பழைய முத்தடுப்பு ஊசிதான். அத்தை தன் பிள்ளைகளுக்கே போட்டது. அதோடு மஞ்சள் காமாலை பி-க்கும், நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் கொண்டுவரும் ஹிப் கிருமிக்கும் சேர்த்திருக்கிறார்கள். பிரித்துப் போட்டால் ஒரு குத்துக்குப் பதில் மூன்று குத்து. இதையெல்லாம் சொன்னேன். "சரி, நீங்க படிச்சவங்க" என்றார். அந்தக் குரலில் ஒப்புதல் இல்லை.

சுகாதார நிலையத்தில் முதலில் எடை பார்த்தார்கள். ஐந்து கிலோ. எங்களுக்கு இருந்த பெரிய கவலை, முதல் ஊசி போட்ட இடது தொடையில் நெல்லிக்கொட்டை அளவுக்கு நின்றுவிட்ட கட்டி. தினமும் குளிப்பாட்டும்போது விளக்கெண்ணெய் போட்டு நீவிக் கரைக்கலாம் என்பது அத்தையின் திட்டம். நர்ஸம்மா தொட்டுப் பார்த்தார். சிவப்பு இல்லை, சூடு இல்லை, சீழ் இல்லை. "இது தானா கரையும், சில வாரம் ஆகும். காலை உருவி விடாதீங்க, பத்தும் போடாதீங்க" என்றார்.

தனியார் டாக்டரிடம் 'வலியில்லா ஊசி' போடலாமா என்றும் கேட்டேன். புதுச்சேரியில் நண்பன் சில ஆயிரம் கொடுத்துப் போட்டிருந்தான். காய்ச்சல் வரவைப்பது பெரும்பாலும் கக்குவான் பகுதிதான் என்றார் நர்ஸம்மா. அரசு ஊசியில் கொல்லப்பட்ட முழுக் கிருமி இருக்கிறது; வலியில்லா ஊசியில் கிருமியின் சில புரதங்கள் மட்டும். அதனால் காய்ச்சலும் வீக்கமும் குறைவு, ஆனால் கக்குவானுக்கான பாதுகாப்பும் சீக்கிரம் தேயும். எனக்கு அதோடு அந்தச் சபலம் போயிற்று. பணமும் மிச்சம், மறைப்பானேன்.

இந்த முறை ஒரே குத்துதான். அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னார்கள். ஒவ்வாமை கடுமையாக வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடுமாம், அபூர்வம்தான் என்றாலும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் வீறிட்டாலோ, துவண்டு வெளுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. "மத்தபடி காய்ச்சல் அடிச்சா போன தடவை கொடுத்த பாராசிட்டமால் சிரப்புல ரெண்டரை மில்லி கொடுங்க" என்று சொல்லி, தன் போன் நம்பரையும் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

இரவு ஒன்பதரைக்கு 101 டிகிரி. சிரப் பாட்டிலை எடுக்கப் போய்க் கீழே போட்டு உடைத்தது நான்தான். பைக்கை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்கு ஓடி, "கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து" என்று கேட்டேன். பாராசிட்டமால்தான் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து, கூடவே இருந்த, மருந்தை உறிஞ்சும் பில்லரில் நிரப்பினேன். அது ஒரு மில்லிதான் பிடிக்கும். இரண்டரைக்கு மூன்று தடவை நிரப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பளியை எடுத்து மடித்துக்கொண்டிருந்த அத்தை திரும்பிப் பார்த்தார். "சொட்டு மருந்த யாராவது மூணு தடவ ஊத்துவாங்களா?"

வாங்கி வந்த பாட்டிலின் லேபிளைப் படித்தேன். சிரப் இல்லை, சொட்டு மருந்து. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். உடைந்த பாட்டில் துண்டைப் பொறுக்கி அதையும் படித்தேன். ஐந்து மில்லியில் 125, அதாவது ஒரு மில்லிக்கு வெறும் 25. நான் கொடுக்கவிருந்தது நான்கு மடங்கு. பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் கல்லீரலைக் கெடுக்கும். கை நடுங்கியது. பில்லரை அப்படியே வைத்துவிட்டு நர்ஸம்மாவுக்கு போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். எடையையும் பாட்டிலில் இருந்ததையும் கேட்டுவிட்டு, "பாயிண்ட் ஆறு மில்லி. அதுக்கு மேல ஒரு சொட்டு வேணாம்" என்றார். பதினொன்றரைக்குக் குழந்தை வியர்த்துத் தூங்கியது. மறுநாள் மாலைக்குள் காய்ச்சல் போய்விட்டது.

ஊசிக்குப் பயந்து ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். மருந்தின் அளவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினான்காவது வாரம் என்னால் போக முடியவில்லை. மறுபடி மூன்று குத்து, லேசான சூடு, அவ்வளவுதான் என்று மனைவி போனில் சொன்னாள். அடுத்த ஞாயிறு போனபோது அலமாரியில் புது சிரப்பும் அந்தச் சொட்டு மருந்தும் இருந்தன. சொட்டு மருந்துப் பாட்டிலின் கழுத்தில் அத்தை சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தார்.