கொள்ளிடக் கரையில் 50 ரூபாய்

வைகாசி 10, மதியம் ஒன்றரை மணி இருக்கும். கும்பகோணத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரைமேல் பைக்கில் வந்துகொண்டிருந்தேன். ஆற்றிலிருந்து கரைக்கு ஏறும் சரிவில் ஒரு டயர் வண்டி, ஈர மணல் பாரத்தோடு, பாதியில் நின்றுபோயிருந்தது. வலது பக்கத்து மாடு முன்னங்கால் இரண்டையும் மடக்கி மண்டியிட்டுக் கிடந்தது. வண்டிக்காரர் வாலை முறுக்கிப் பார்த்தார், எழவில்லை. அப்புறம் தார்க்குச்சியால் வாலுக்கு அடியில் குத்தினார். அதன் நுனியில் ஆணி இருக்கிறது என்பது தொடையில் ரத்தம் கோடாக இறங்கியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

நானும் வழியில் வந்த இன்னொருவரும் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்து, பூட்டாங்கயிற்றை அவிழ்த்தோம். நுகத்தடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார்கள். தூக்கும்போது அது மாட்டின் கழுத்தோடு ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண், மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டுக் காய்ந்த பக்கு, அதன் மேலேயே மறுபடி நுகத்தடி உரசி உள்ளே சதை தெரிந்தது, ஈ மொய்த்தது, மாடு அதை விரட்டத் தலையைக்கூட ஆட்டவில்லை. உம்பளச்சேரிக் காளை. சேற்று உழவுக்கென்றே நம் கீழத்தஞ்சைக்காரர்கள் வளர்த்தெடுத்த இனம்.

"ஏண்ணே, இந்த வெயில்லயா?" என்று கேட்டேன்.

"நாலு நடை அடிச்சாத்தான் தம்பி தவிட்டுக்காவது ஆகும்" என்றார். அதில் பொய் இல்லை. ஆனாலும் எனக்குக் கோபம் தணியவில்லை, இன்றுவரை தணியவில்லை.

சாயங்காலம் காவல் நிலையத்துக்குப் போனேன். ஏட்டு பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "தம்பி, இதுக்கு நாங்களா நேரடியா எஃப்.ஐ.ஆர். போட முடியாது, மாஜிஸ்திரேட் அனுமதி வேணும், புகார் வாங்கினதுக்கு சி.எஸ்.ஆர்.னு ஒரு ரசீது வேணா தர்றேன், கோர்ட்டுக்குப் போனாலும் அம்பது ரூபா அபராதம், நீங்க போய்ட்டு வர்ற பெட்ரோலுக்கே அது பத்தாது" என்றார்.

அவர் சொன்னது சட்டப்படி சரி. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. பரதக் கலைஞரான நம் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலன் அது. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம், அந்த அம்மாவை நினைத்தால் இப்போதும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் 11ஆம் பிரிவில் அன்று எழுதிய அதிகபட்சத் தொகை இன்றும் அப்படியே இருக்கிறது. அடிப்பது, தாங்காத பாரம் ஏற்றுவது, புண்ணோடு வேலை வாங்குவது, பட்டினி போடுவது எல்லாவற்றுக்கும் முதல் தடவை 10 முதல் 50 ரூபாய். மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது அதிகபட்சம் மூன்று மாதச் சிறை, இல்லையென்றால் இரண்டும். ஹெல்மெட் போடாமல் போனால் 1000 ரூபாய் கட்டுகிறோமே, அந்த ஊரில்தான் இதுவும்.

விதிகள் இல்லாமலும் இல்லை. இழுவை மாடுகளுக்கென்று 1965இல் போட்ட விதியில், 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் மதியம் 12 முதல் 3 வரை பூட்டக் கூடாது, ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஆணி வைத்த குச்சியைப் பயன்படுத்தக் கூடாது என்றெல்லாம் தெளிவாக இருக்கிறது. நான் அன்று பார்த்ததில் எத்தனை மீறல் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறை உண்டே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்டு, ஆனால் அது மாட்டைக் கொன்றால், விஷம் வைத்தால், ஊனமாக்கினால். தினமும் குத்தி, உரசி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிப்பவனுக்கு 50 ரூபாய்தான். உச்ச நீதிமன்றம் 2014லேயே தண்டனையைக் கூட்டச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு எடுத்துச் சொன்னது. 2022 நவம்பரில் மத்திய அரசு திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. கொடூர வதைக்கு 50,000 ரூபாயிலிருந்து அபராதம், ஒன்றிலிருந்து மூன்று வருஷம் சிறை என்றெல்லாம் அதில் இருந்தது. சட்டமாகவில்லை.

வண்டிக்காரர் ஏழை, அவர்மேல் ஏன் இத்தனை பாரம் என்று என் அத்தையே கேட்டார். நியாயமான கேள்வி. வண்டி ஒருவருடையது, ஓட்டுவது இன்னொருவர் என்றால் பெரிய அபராதம் உரிமையாளர் தலையில் விழட்டும், வதையை அனுமதிக்கும் உரிமையாளரும் குற்றவாளி என்று இந்தப் பழைய சட்டமே சொல்கிறது. சொந்த வண்டி ஓட்டுகிறவரிடம் முதலில் மாட்டை அவிழ்த்துக் கால்நடை மருத்துவமனைக்கு அனுப்புங்கள், மறுபடியும் செய்தால் சிறை. ஆனால் போலீஸ் நேரடியாக வழக்குப் போடும் குற்றமாக இதை மாற்றியே ஆக வேண்டும். அது இல்லாமல் தொகையை மட்டும் லட்சமாக்கினாலும் அந்த ஏட்டு எனக்கு அதே சி.எஸ்.ஆரைத்தான் நீட்டுவார்.

போன வாரம் அதே கரையில் அதே காளையைப் பார்த்தேன், திமிலில் இருந்த வெள்ளைத் திட்டை வைத்து அடையாளம் தெரிந்தது. டியூப் மட்டும் புதிது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறேன், மாஜிஸ்திரேட்டிடம் போக ஒரு வக்கீலிடமும் பேசியிருக்கிறேன். இந்தச் சட்டப்படி சம்பவம் நடந்து மூன்று மாதம் தாண்டினால் வழக்கே தொடுக்க முடியாது. இன்று ஆடி 20.