பக்கத்து வீட்டு மரம்

வீடு பார்க்க வருபவர்கள் அறையை அளப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள். வாசல் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆனால் விலையில் அது வந்துவிடுகிறது! அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரை வைத்து டோனவன், பட்ரி இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தெருவோர மரங்களால் வீட்டு விலை சராசரியாகச் சுமார் 3 சதவீதம் கூடியது. விற்க ஆகும் நாளிலும் 1.7 நாள் குறைந்தது.

எனக்குப் பிடித்த பகுதி வேறு. 100 அடிக்குள் இருந்த பக்கத்து வீடுகளின் விலையையும் அந்த மரமே ஏற்றியிருக்கிறது. தண்ணீர் ஊற்றுவது ஒருவர், லாபம் தெருவுக்கே.

(வேர் சுவரைப் பிளந்தால் கதை வேறு, ஒப்புக்கொள்கிறேன்.)

“குப்பை விழுது, வெட்டிடுங்க சார்” என்று வாராவாரம் வரும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்று சாயங்காலம் இதைச் சொல்லப் போகிறேன்.