தண்ணீர் விடுவதற்கு முன்

எங்கள் சலவைப் பட்டறைக்கு வரும் கம்பளங்களில் அழுக்கால் கெட்டவை குறைவு. அழுக்கை எடுக்கப் போய்க் கெட்டவைதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் சோப்புத் தூள் போட்டு ஊற வைத்திருப்பார்கள், கறை மேல் பிளீச் ஊற்றியிருப்பார்கள், அல்லது வாஷிங் மெஷினில் மடித்துத் திணித்திருப்பார்கள். திங்கட்கிழமை காலையில் போன் வரும். "ஒண்ணும் பண்ணலைங்க, சும்மா தண்ணி விட்டு அலசினோம், அவ்வளவுதான்" என்பார்கள். அந்த 'சும்மா'வில்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது.

அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம் வீடுகளில் தலைமுறையாகத் தரையில் விரித்தது பாயும் ஜமுக்காளமும்தான். பவானி ஜமுக்காளத்துக்கு 2005-ஆம் ஆண்டு வாக்கில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகு காலம் முன்பே கல்யாண வீடு, துக்க வீடு, கச்சேரி என எல்லா இடத்திலும் அது கிடந்து உழைத்திருக்கிறது. அது முரட்டுப் பருத்தி. புதிதில் சாயம் போகும் என்று தனியாக நனைப்பார்கள், அப்புறம் கல்லில் அடித்துத் துவைத்து மொட்டை மாடிச் சுவரில் போட்டால் சாயங்காலம் எடுத்து மடிக்கலாம். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த கை, வரவேற்பறையில் கம்பளிக் கார்பெட் வந்ததும் அதையும் அப்படியே நடத்துகிறது. பருத்தி தாங்கும். கம்பளியும் பட்டும் தாங்காது. இரண்டும் விலங்கிலிருந்து வந்த புரதம். நம் தலைமுடியும் கம்பளியும் கெரட்டின் என்கிற ஒரே பொருளால் ஆனவை. துணி துவைக்கும் தூளின் காரம் முடியை என்ன செய்யுமோ அதையே கம்பளத்தையும் செய்யும். பிளீச்சோ கம்பளியைக் கரைத்தே விடும். ஒரு துண்டு கம்பளி நூலை பிளீச்சில் போட்டு வைத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பாருங்கள், நூல் இருக்காது.

நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டது ஷார்ஜாவில், ஒரு கார்பெட் சலவைக்கூடத்தில். அங்கே மூத்தவர் ஓர் ஆப்கானியர். நாங்கள் எல்லோரும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். எந்தக் கம்பளம் வந்தாலும் அவர் முதலில் அதன் மேல்பக்கத்தைப் பார்க்க மாட்டார். ஓர் ஓரத்தைப் பிடித்துப் புரட்டிப் போடுவார். முதுகைப் பார்த்து முடிக்கிற வரை தண்ணீர்க் குழாயை யாரும் தொடக் கூடாது.

முதுகில் பூவேலைப்பாடு முன்பக்கத்தைப் போலவே தெளிவாகத் தெரிந்து, ஒவ்வொரு முடிச்சும் கடுகு கடுகாகத் தென்பட்டால் அது கையால் முடிச்சிட்டது. அதன் ஓரக் குஞ்சம் தனியாகத் தைத்தது அல்ல, நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் மிச்சம். கம்பளத்தின் எலும்பே அதுதான். முதுகு முழுவதும் கித்தான் துணி ஒட்டி மூடியிருந்தால் அது வேறு சாதி. துணியில் நூலைத் துப்பாக்கி போன்ற கருவியால் குத்திக் குத்தி ஏற்றி, பின்னால் ரப்பர் பால் பசை தடவி, அதை மறைக்க இன்னொரு துணி ஒட்டுவார்கள். கடைக்காரர் இரண்டையும் 'ஹேண்ட்மேட்' என்றுதான் சொல்லுவார். பொய்யில்லை, கையால் செய்ததுதான். ஆனால் முதலாவது ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பேரன் காலம் வரை வரும். இரண்டாவதில் சில வருடங்களில் பசை காய்ந்து மாவாக உதிர ஆரம்பிக்கும். கம்பளத்தைத் தூக்கினால் தரையில் பழுப்பு மாவு கிடக்கிறதே, பூச்சியா என்று கேட்பார்கள். பூச்சி இல்லை, பசை.

இழை எது என்று சந்தேகம் வந்தால் முதுகுப் பக்கத்து ஓரத்தில் ஒரு நூலை இடுக்கியால் பிடுங்கி, சிங்க் மேலே பிடித்துக் கொளுத்துவோம். கம்பளியோ பட்டோ என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். உருகி முத்துப்போல் கெட்டியானால் பாலிப்ரொப்பிலீன் மாதிரி செயற்கை இழை. காகிதம் எரிகிற வாசனை வந்தால் பருத்தியோ, மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸோ. 'ஆர்ட் சில்க்', 'பேம்பூ சில்க்' என்று பளபளவென விற்கிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை இந்த விஸ்கோஸ்தான். ஈரத்தில் அதற்கு வலுவே கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினால் காய்ந்த பிறகும் அந்த வட்டம் மொடமொடவென்று மஞ்சளாக நிற்கும். சிறு குழந்தை இருக்கிற வீட்டில் அதை வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை என்று கேட்டால், முக்கால்வாசி மண் எடுப்பதுதான். கண்ணுக்குத் தெரிகிற தூசு ஒன்றும் செய்யாது. காலோடு வந்து இழைகளின் அடியில் இறங்குகிற மணல்தான் எமன். மணல் துகளுக்கு முனை உண்டு. மேலே நடக்க நடக்க அது நூலை வேரில் வைத்து அறுக்கும். ஷார்ஜாவில் பாலைவன மணல் என்றால் இங்கே பெசன்ட் நகர், திருவான்மியூர் வீடுகளில் கடற்கரை மணல். உஸ்தாத் கம்பளத்தைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டச் சொல்லுவார். நாங்கள் கழுவும் முன் அரை மணி நேரம் இதற்கே போகும். கீழே கொட்டிய மண்ணைக் கூட்டி அள்ளினால் முறம் நிறையும். வாரத்துக்கு ஒருமுறை வாக்குவம் போடுகிற வீட்டுக் கம்பளத்தில்தான் சொல்லுகிறேன்!

ஆகவே மாதம் ஒரு தடவையாவது குப்புறப் போட்டு முதுகில் வாக்குவம் பிடியுங்கள். அதிர்வில் மண் கீழே இறங்கும். பிறகு கம்பளத்தைத் தூக்கி, தரையைக் கூட்டிவிட்டு, நிமிர்த்திப் போட்டு இழை படுத்திருக்கிற திசையிலேயே மெதுவாக இழுங்கள். சுழலும் பிரஷ் இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். குஞ்சத்தின் மேல் மெஷினைக் கொண்டுபோகவே கூடாது. அது நூலைச் சுருட்டி இழுத்து அறுத்தால் அடுத்து முடிச்சுகள் கழல ஆரம்பிக்கும். சமையல் சோடாவைத் தூவி எடுத்தால் வாசனை போகும் என்று இப்போது ஒரு வைத்தியம் பரவியிருக்கிறது. தூவியது முழுவதும் வெளியே வராது. அடியில் தங்குவது ஈரம் பட்டதும் கட்டியாகும், காரமும்கூட. எங்களுக்கு அதை எடுப்பது மணலை எடுப்பதைவிடப் பெரிய வேலை.

கறை விஷயத்தில் மறக்க முடியாதது மயிலாப்பூரில் ஒரு வீடு. சந்தன நிறக் கம்பளம், அதன் நடுவில் சாம்பார். மாமி பதறிப்போய் சோப்பு நீர் விட்டுத் தேய்த்திருக்கிறார். நான் போனபோது கறை செக்கச் செவேலென்று இருந்தது. "ஏம்ப்பா, கொட்டினது சாம்பார். இந்தச் செகப்பு எங்கேர்ந்து வந்தது?" என்றார். "மாமி, ஆரத்திக்கு மஞ்சளோட சுண்ணாம்பு கரைக்கிறேளே, அதே சமாசாரம்தான்" என்றேன். மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் காரம் பட்டால் சிவக்கும். சோப்பு அந்தக் காரத்தைக் கொடுத்துவிட்டது. வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து வெள்ளைத் துணியில் தொட்டு ஒற்றினேன். சிவப்பு அவர் கண்ணெதிரே பழையபடி மஞ்சளானது. அதைப் பார்த்து அவருக்கு வந்த நிம்மதி எனக்கு வரவில்லை, மஞ்சள் அப்படியேதான் இருந்தது. ஒற்றி ஒற்றி முடிந்தவரை எடுத்துவிட்டு, அந்த இடம் மட்டும் ஜன்னல் வெயில் படும்படி சில நாள் திருப்பிப் போடச் சொன்னேன். மஞ்சள் நிறம் வெயிலுக்குத் தாங்காது. தழும்பு மாதிரி லேசாக நின்றது, அதன் மேல் டீப்பாயை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

எதைக் கொட்டினாலும் முதல் வேலை ஒற்றி எடுப்பதுதான். தேய்த்தால் கறை அகலமாகும், இழையும் பிரிந்து பஞ்சாகும். வெள்ளைத் துணியையே எடுக்க வேண்டும், அப்போதுதான் கம்பளத்தின் சாயம் போகிறதா என்பதும் தெரியும். வினிகரோ ஷாம்புவோ எதுவானாலும் சோபாவுக்கு அடியில் மறைந்திருக்கும் மூலையில், முக்கியமாகச் சிவப்பிலும் கருநீலத்திலும், ஈரத் துணியைக் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்துப் பார்த்த பிறகுதான். துணியில் நிறம் ஏறினால் மேற்கொண்டு வீட்டில் எதுவும் செய்யாதீர்கள். இன்னொன்று, போய்விட்டது என்று நினைத்த கறை மறுநாள் காலை திரும்ப வந்து நிற்கும். 'கறை திரும்ப வந்துடுச்சு, பணத்தைத் திருப்பிக் கொடுங்க' என்று எங்களிடமே சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அடியில் தங்கிய காபி, ஈரம் காயும்போது இழை வழியாக மேலே ஏறி நுனியில் நின்றுவிடுகிறது. கறை எடுத்த இடத்தில் காய்ந்த வெள்ளைத் துண்டை நாலாக மடித்துப் போட்டு, கனமாக எதையாவது ராத்திரி முழுக்க வைத்தால் மேலே ஏறுவது கம்பளத்துக்குப் பதில் துண்டில் இறங்கும்.

சரி, கழுவுவதற்கு வருவோம். கழுவுவது பெரிய வித்தை இல்லை. ஈரானில் காஷான் பக்கம் மஷ்ஹத் அர்தெஹால் என்ற ஊரில் வருடா வருடம் கம்பளத்தை ஓடைக்கு எடுத்துப் போய்க் கழுவுவதையே ஒரு சடங்காக நடத்துகிறார்கள். யுனெஸ்கோ 2012-இல் அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஈரான் மேட்டு நிலத்தின் காற்று உலர்ந்த காற்று. ஷார்ஜா கோடை வெயிலிலும் காலையில் விரித்தது மாலையில் சுருட்ட முடியும். சென்னைக்கு வந்த பிறகுதான் காய வைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம். கம்பளியோ தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் கைக்குக் காய்ந்தது போலவே இருக்கும். மேலே தடவிவிட்டு 'காஞ்சிடுச்சு' என்று தரையில் விரித்துவிடுவார்கள். அடியில் பருத்திப் பாவு ஈரத்தோடு கிடக்கும். இரண்டு நாளில் பூசணம் பிடிக்க அது போதும்.

நாங்கள் புறங்கையை முதுகுப் பக்கத்தின் நடுவில் வைத்துப் பார்ப்போம். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. ஓரம் எப்போதும் முதலில் காயும், அதை நம்பக் கூடாது. ஈரக் கம்பளத்தைச் சுவரில் தொங்கப் போட்டால் அதன் எடையே பாவு நூலை இழுக்கும், சாயமும் கீழ் நோக்கி வழியும். கயிற்றுக் கட்டில் மாதிரி அடியிலும் காற்று போகிற எதன் மீதாவது நிழலில் படுக்கவைத்து, மேலும் கீழும் மின்விசிறி ஓடவிட வேண்டும். இதற்கு வீட்டில் வசதி இல்லை என்றால் மழைக்காலத்தில் கம்பளத்தை நனைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்த கம்பளங்களைச் சொல்ல வேண்டும். சாக்கடை கலந்த நீரில் நாள்கணக்கில் ஊறியவை. சில பார்வைக்கு நன்றாகவே இருந்தன. ஓரத்தைப் பிடித்து லேசாக மடித்தால், உள்ளே அப்பளம் நொறுங்குவது போல் சத்தம். பாவு அழுகிவிட்டது என்று அதற்கு அர்த்தம், மேலே கம்பளி மட்டும் பழக்க தோஷத்தில் சேர்ந்து நிற்கிறது. கழுவினால் துண்டு துண்டாக வரும் என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. பழைய கம்பளம் வாங்கப் போகிறவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பார்த்து வாங்கலாம், ஐந்து காசு செலவில்லை.

பூச்சி விஷயத்தில் கம்பளத்துக்கு இரண்டு பக்கமும் எதிரி. கரையானுக்கு அடியில் இருக்கும் பருத்தி, கம்பள வண்டின் புழுவுக்கு மேலே இருக்கும் கம்பளி. புழுவுக்கு இருட்டும் ஆள் நடமாட்டம் இல்லாத இடமும் வேண்டும். அதனால் சோபாவுக்குக் கீழே, பீரோவுக்குக் கீழே மொட்டை விழுந்திருக்கும், நடுக்கூடத்தில் ஒன்றும் இருக்காது. வேப்பிலையும் நாப்தலின் உருண்டையும் போட்டு நிம்மதியாக இருப்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழு வேப்பிலையைப் பார்த்துப் போய்விடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பளத்தைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போட்டால் சோபாவுக்குக் கீழ் இருந்தது வெளிச்சத்துக்கு வரும், நடை படுகிற இடமும் மாறும், வெயிலில் வெளுப்பதும் இரண்டு பக்கமும் சமமாகும்.

வெளிச்சத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1539–40 ஆண்டில் முடிந்த அர்தபீல் கம்பளம் இருக்கிறது. அதன் நிறம் போகக் கூடாது என்று அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் மட்டும் விளக்குப் போடுகிறார்கள். நாமோ கிழக்கு பார்த்த பால்கனிக் கண்ணாடிக் கதவுக்கு நேராக விரித்துப் போட்டு, கடைக்காரன் மட்டமான சாயம் போட்டு ஏமாற்றிவிட்டான் என்கிறோம். ஊருக்குப் போகும்போதாவது திரையை இழுத்துவிடலாம். நீண்ட நாள் எடுத்து வைப்பதானால் மடிக்காமல் ஒரு குழாயில் சுருட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, தரையைத் தொடாமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லை.

இத்தனைக்கும் பிறகு, எங்களுக்கு வரும் போன்களில் கணிசமானவற்றுக்கு நான் சொல்லும் பதில் 'கழுவ வேண்டாம்' என்பதுதான். முதுகில் பசைத் துணி ஒட்டி, மாவு உதிர ஆரம்பித்த கம்பளத்தைத் தண்ணீரில் போட்டால் துணி தனியாகவும் நூல் தனியாகவும் வரும். சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், சலவைக் கூலி சில நேரம் அது வாங்கிய விலையைத் தொட்டுவிடும். முதுகை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வருடம் ஓட்டுங்கள், அப்புறம் வேறு வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். முதலாளிக்கு இது பிடிக்காது. ஆனால் அப்படிச் சொன்ன வீடுகளிலிருந்துதான் அடுத்தமுறை, தாத்தா காலத்துக் காஷ்மீர்க் கம்பளம் ஒன்று பரணில் இருக்கிறது, வந்து பார்க்கிறீர்களா என்று கூப்பிடுகிறார்கள்.