பஞ்சு, சுண்டு, ஒரு முழ நூல்

ஜூன் 4

காகிதத் துகளைக் கூட்டிக் கூட்டி அலுத்துவிட்டது. இன்று என் கினி பிக்குகள் பஞ்சு, சுண்டு இரண்டின் கூண்டிலும் ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைத் துணி) விரித்தேன். வாங்கிய கையோடு விரித்தது தப்பு. பஞ்சு மூத்திரம் போனதும் அது முத்து முத்தாகத் துணிமேலேயே நின்றது. புது ஃப்ளீஸ் ஈரத்தைக் கீழே விடாதாம். மூன்று நான்கு தடவை துவைத்த பிறகுதான் இறங்குமாம். மென்மையாக்கும் திரவம் சேர்க்கவே கூடாது, அது இழைமேல் படிந்தால் பழைய கதைதான். கினி பிக்குக்கு உள்ளங்காலில் முடி கிடையாது. ஈரத்திலேயே நின்றால் பாதம் புண்ணாகும்.

ஜூன் 9

நான்காவது துவையல். சொட்டு விட்டுப் பார்த்தேன், சட்டென்று இறங்கியது. அடியில் பழைய துண்டு, மேலே ஃப்ளீஸ். நாலு ஓரத்தையும் மடித்துத் தைத்துவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 17

காலையில் சுண்டு பின்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. தூக்கிப் பார்த்தால் நடுவிரலில் நூல் இறுகச் சுற்றியிருக்கிறது, விரல் வீங்கிச் சிவந்து கிடக்கிறது. நான் தைத்த அதே நூல்! ஓரத்தைப் பஞ்சு கடித்துப் பிரித்திருக்கிறது. தொங்கிய நூலில் சுண்டு காலை விட்டிருக்கிறது.

தங்கச்சி அதைத் துண்டில் சுற்றி மடியில் பிடித்துக்கொண்டாள். முனை மழுங்கிய கத்தரியால் வெட்டினேன். கை நடுங்கியது. உடனே மருத்துவரிடம் ஓடினோம். விரல் பிழைத்துவிடும் என்றார். ரத்த ஓட்டம் நின்றிருந்தால் விரலே போயிருக்குமாம். பின்காலில் இருப்பதே மூன்று விரல்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், ஃப்ளீஸ் பின்னல் துணி. வெட்டிய ஓரம் பிரியாது. தைக்கத் தேவையே இல்லை.

ஜூன் 18

கூண்டில் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொட்டினேன். தொங்கு படுக்கையின் ஓரத்தில் மூன்று இடங்களில் நூல். துணிக் குகையில் ஒரு பொத்தான், கடித்த தடத்தோடு. வளையம் வளையமாக நூல் நிற்கும் குளியல் துண்டில் நகம் மாட்டும். அதை அடியில் மட்டும் போடுவதாக முடிவு. ஒரே வாசல் உள்ள குகையும் போயிற்று: பஞ்சு வாசலை மறித்து நின்றால் சுண்டுவுக்குத் தப்பிக்க வழி இல்லை. யாரோ அன்பளிப்பாகத் தந்த ஓடு சக்கரம் பெட்டியிலேயே இருக்கட்டும், அது இவற்றின் முதுகுக்கு ஆகாது.

ஜூன் 19

பஞ்சு எவ்வளவு நூலை விழுங்கியதோ என்ற கவலை. கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது. துணியோ நூலோ குடலில் அடைத்துக்கொண்டால் பெரிய ஆபத்து. அதனால் இன்று முழுக்கப் புழுக்கை எண்ணும் வேலை. சமையலறைத் தராசில் 912 கிராம். புல் தின்கிறது, புழுக்கையும் வழக்கம்போல. தின்பதை நிறுத்தினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

ஜூன் 27

பஞ்சு இன்று 918. சுண்டுவின் வீக்கம் வடிந்துவிட்டது, நாலு காலிலும் ஓடுகிறது. தைக்காமல் வெட்டிய புது விரிப்பு கோணல் மாணலாக இருக்கிறது. தங்கச்சி பார்த்துச் சிரித்தாள். அந்தக் கோணல் மூலையைத் தூக்கிக்கொண்டு பஞ்சு துணிக்கு அடியில் போய்ப் படுத்திருக்கிறது. நாளைக்கு ஓரத்தில் கவ்வி மாட்ட வேண்டும். கூண்டுக்கு வெளிப்பக்கமாக.