ஒரு சுவர், மூன்று விலை

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. அரிசி எடுக்கக் கீழே பேஸ்மென்டுக்கு, அதாவது வீட்டுக்கு அடியில் நிலத்துக்குள் இருக்கிற தளத்துக்கு, போன மனைவி கடைசிப் படியில் நின்றபடியே கூப்பிட்டார். கார்ப்பெட்டில் கால் வைத்தால் சளக் என்றது. சுவரோடு சாத்தி வைத்திருந்த அரிசிப் பை அடியில் ஊறி, தூக்கும்போதே கிழிந்துகொண்டு வந்தது. அந்த வார இறுதியில் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் மட்டும் 128 மில்லிமீற்றர் மழை. ஜூலை 16இல் கிட்டத்தட்ட 98 கொட்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஜூலையில் தப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, சுவரில் உப்புப் பூத்துப் பெயின்ற் கொப்பளித்திருந்த இடத்தைச் சுரண்டித் திரும்பப் பூசிய புத்திசாலி நான்தான்.

பிறகு யாரைக் கண்டாலும் இதே கதைதான். தண்ணி கசிகிறதை நிப்பாட்ட எவ்வளவு முடிஞ்சது என்று கேட்டால் ஒருவர் 600 டாலர் என்றார், இன்னொருவர் 32,000 என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 600காரர் ஏஜாக்ஸில் புது வீடு வாங்கியவர்; வார்த்த கொங்கிறீற் சுவரில் ஒரே ஒரு வெடிப்பு, உள்ளே இருந்தே ஊசி போட்டு பொலியூரித்தேன் ஏற்றி, மத்தியானத்துக்கு முன்னம் வேலை முடிந்தது. 32,000காரருடையது டவுன்ரவுனில் நூறு வயதுச் செங்கல் வீடு, பக்கத்து வீட்டுக்கும் அவருடையதுக்கும் நடுவில் ஒரு ஆள் சரிந்து போகிற அளவு இடம். இயந்திரம் உள்ளே போகாது. கையால் தோண்டி, வாளி வாளியாக மண்ணை முன்பக்கம் சுமந்து கொட்டியிருக்கிறார்கள். அவர் கட்டினதில் பெரும்பங்கு கூலியும் மண் ஏற்றின லொறியும்தான்.

எங்கள் ஸ்காபரோ வீடு 60களில் கட்டியது, உள்ளே பொள்ளலான கொங்கிறீற் கல்லு அடுக்கிய சுவர். விலை கேட்க மூன்று பேரைக் கூப்பிட்டேன். முதல் வந்தவர் பத்து நிமிடம் நின்றார், சுவரைத் தொட்டும் பார்க்கவில்லை. பேஸ்மென்ட் முழுக்க உள்ளே தரையை வெட்டிக் குழாய் பதிக்க வேண்டும், 120 அடி, அடிக்கு 95, மொத்தம் 11,400, இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் 1,000 குறைப்பேன் என்றார். இன்றைக்கே என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இரண்டாமவர் நாலு பக்கமும் வெளியால் தோண்டச் சொன்னார். அந்த விலையை இங்கே எழுதக் கை வரவில்லை.

மூன்றாமவர் வயதானவர், நம்ம ஆள். வீட்டுக்குள் வர முன்னம் வெளியே ஒரு சுற்றுச் சுற்றினார். கூரைப் பீலியிலிருந்து இறங்குகிற குழாய் சுவரடியிலேயே முடிவதைக் காலால் தட்டிக் காட்டினார். பிறகு உள்ளே வந்து, அடிவரிசைக் கல்லில் ட்ரில்லால் ஒரு ஓட்டை போட்டார். குழாய் திறந்த மாதிரித் தண்ணி வந்தது. ஒரு வாளி நிறைந்து இரண்டாவது வாளியும் வைத்தோம்.

"தம்பி, தண்ணி வாற இடம் வேற, நீர் பாக்கிற இடம் வேற. கல்லுக்குள்ளால ஓடி வந்து இங்க ஊத்துது. ட்ரைவ்வே பக்கச் சுவர் ஒண்டு செய்தாக் காணும்."

30 அடி, அடிக்கு 220, ஆக 6,600. அத்திவாரம் வரை தோண்டி, அத்திவாரத்தடியில் தண்ணி வடிய வைத்திருந்த, மண் அடைத்துப்போன பழைய சுட்டமண் குழாயை (வீப்பிங் ரைல்) எடுத்துவிட்டுப் புதுக் குழாய், சுவருக்கு ரப்பர்ப் பூச்சு, அதன்மேல் குமிழ் குமிழாக இருக்கிற கறுப்பு ஷீற். அந்தக் குழாயின் தண்ணி போக உள்ளே ஒரு சம்ப் பம்ப், குழியில் சேருகிற தண்ணியை வெளியே இறைக்கிறது, அது 2,400. ரொறன்ரோ நகரசபை அப்போது பம்ப் செலவில் 80 சதவீதம், கூடினது 1,750 திருப்பித் தந்தது. கழிவுத் தண்ணி திரும்பி வீட்டுக்குள் வராமல் தடுக்கிற பாக்வோட்டர் வால்வுக்கு 1,250 வரை. ரசீதைக் கவனமாக வைத்திருந்தால் காசு வரும். காப்புறுதிக்காரர் ஒரு சதமும் தரவில்லை. கழிவுக் குழாய் பின்னடித்து வந்தால் அதற்கென்று தனியாகக் காப்புறுதிக் காசு கட்டியிருந்தால் தருவார்கள், சுவரால் கசிந்தால் அது உங்கள் பராமரிப்புக் குறை. கடிதத்தில் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள்.

வினிப்பெக்கில் இருக்கிற மச்சானிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு. அங்கே நிலம் முழுக்கப் பழைய ஏரியின் அடியில் படிந்த களி. நனைந்தால் வீங்கிச் சுவரை உள்ளே தள்ளும், காய்ந்தால் சுருங்கிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் கை போகிற இடைவெளி விடும். வெயில் காலத்தில் அத்திவாரத்தைச் சுற்றித் தண்ணி விடுகிறார்களாம், பூங்கன்றுக்கு விடுகிற மாதிரி. அவருக்கு வந்த விலையில் பாதி, வளைந்த சுவருக்கு இரும்பு முட்டுக் கொடுக்க. களி எங்கள் பக்கத்திலும் பல இடத்தில் உண்டு, ஆனால் இவ்வளவு மூர்க்கம் இல்லை. மணல் நிலத்தில் வீடு உள்ளவன் பாக்கியவான், தண்ணி நிற்காமல் வடிந்துவிடும். ஹலிஃபக்ஸ் மாதிரி இடத்தில் கொஞ்சம் தோண்டினாலே பாறை முட்டும், அப்போது அடிக் கணக்கெல்லாம் பேசிப் பயனில்லை.

விற்பனை வரியையும் ஒருவரும் யோசிப்பதில்லை. 20,000 டாலர் வேலைக்கு ஒன்ராறியோவில் 13 சதவீதம், அதாவது 2,600. அல்பேர்ட்டாவில் 5 சதவீதம், 1,000. கல்கரிக்காரர் தனக்கு மலிவாக முடிந்தது என்று சொன்னால் முதலில் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும். ரெக்சஸில் இருக்கிற என் தங்கைக்கு இந்தக் கதையே விளங்காது. அங்கே குளிரில் நிலம் ஆழமாக உறைவதில்லை, அத்திவாரத்தை ஆழமாக இறக்கத் தேவையில்லை, அதனால் வீட்டுக்கு பேஸ்மென்டும் இல்லை. இங்கே உறைமட்டத்துக்குக் கீழே போக எப்படியும் 4 அடி தோண்டியே ஆக வேண்டும், இன்னும் 4 அடி தோண்டினால் ஒரு வீடே கிடைக்கிறது என்று கட்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இவ்வளவு ஆழம் தோண்டினால் அதற்குக் கிணறு என்று பெயர். 25 வருடமாக ஒரு கிணற்றுக்குள் அரிசி வைத்திருக்கிறேன் என்று எனக்கு இப்போதுதான் உறைத்தது.

வேலை நாலு நாள் எடுத்தது. பீலிக் குழாயை 6 அடி தள்ளி நீட்ட 40 டாலர் முடிந்தது, அதை நானே பூட்டினேன், அதை முதலிலேயே செய்திருந்தால் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று மனைவி கேட்கிற நேரம் நான் வேறு கதை எடுப்பேன். அரிசிப் பை இப்போது பலகைக்கு மேலே. போன வசந்தத்தில் பனி உருகினபோது பம்ப் இரவிரவாக ஓடியது, சுவர் காய்ந்தே இருந்தது. மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும் என்பதைப் பெரியவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். பற்றரிக்கு இன்னும் விலை கேட்கவில்லை.