பொடிசுகளின் விமர்சனம்

நம்மாட்களே எடுத்த சூப்பர் ஹீரோ அனிமேஷன் படம். பெரியவர்கள் சிலர் இடைவேளையிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள்: "முடி அசையவே இல்ல, தண்ணி பிளாஸ்டிக் மாதிரி இருக்கு." உண்மைதான். முடி, துணி, தண்ணீர் மூன்றுமே அனிமேஷனில் பெரிய தலைவலி. நேரமும் பணமும் கொட்டினால்தான் சரியாக வரும்.

பொடிசுகளுக்கு அந்தக் கவலையே இல்லை. ஹீரோ பறந்தபோது கத்தியதைவிட, பறக்கத் தெரியாமல் மரத்தில் முட்டிக்கொண்டபோதுதான் தியேட்டர் அதிர்ந்தது. வில்லன் பதுங்கி வந்தால் "டேய், பின்னாடி பாருடா!" என்று திரையோடு பேசுகிறார்கள். டப்பிங் படங்களுக்கு இவ்வளவு சத்தம் நான் கேட்டதில்லை. அங்கே ஏற்கெனவே அசைகிற வாய்க்கு ஏற்ப வசனத்தை நறுக்க வேண்டும். இதுபோல நம் மொழியிலேயே எடுக்கும் அனிமேஷன் படத்தில் பொதுவாகக் குரலை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ப கேரக்டரின் வாயை அசைய வைப்பார்கள். ஜோக் டைமிங் தப்பாமல் வந்து விழுகிறது.

என் குறை வேறு. நடுவில் அப்பா கேரக்டர் அறிவுரையாகப் பொழிகிறார், நிறுத்தவே மாட்டேன் என்கிறார். வினாடிக்கு 24 ஃபிரேம், அத்தனையையும் உழைத்து உருவாக்கிவிட்டு அதில் லெக்சரா? பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக பாத்ரூம் போனது அப்போதுதான்.