விவசாய அனுபவங்களைத் தொகுக்கும் தன்னார்வப் பணி: எப்படிச் சேர்ந்தேன், என்ன செய்தோம்

காலநிலை மாற்றத்தைத் தாங்கும் விவசாயம் என்று பேச்செடுத்தால் விதை, தண்ணீர், பயிர்க் காப்பீடு மூன்றும் முதலில் வந்துவிடும். ஓர் ஊரில் செய்து பார்த்துப் பலன் கண்ட விஷயம் பக்கத்து ஒன்றியத்துக்குக்கூடப் போய்ச் சேராமல் கிடப்பதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அதைத் திரட்டி, சரிபார்த்து, தேடினால் கிடைக்கும்படி வைத்து, வேண்டிய நேரத்தில் வேண்டியவரிடம் சேர்ப்பதைத்தான் அறிவு மேலாண்மை என்கிறார்கள். நான் நூலக அறிவியல் படித்தவள். கல்லூரி நூலகத்தில் வேலை. பிறந்து வளர்ந்தது காவிரிக் கடைமடையில், நெல் விவசாயக் குடும்பத்தில். இந்த இரண்டும் ஒரே இடத்தில் பயன்பட்ட பணி இது. சேர நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நான் போனது ஐ.நா. தன்னார்வலர் அமைப்பின் இணையவழிப் பணிகள் வழியாக. 1970-ல் தொடங்கப்பட்ட இந்த அமைப்பின் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. ஐ.நா. நிறுவனங்களோடு தொண்டு நிறுவனங்களும் அதில் தங்களுக்கு வேண்டிய வேலைகளை அறிவிக்கும். 18 வயது நிறைந்தவர் விண்ணப்பிக்கலாம். வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள் வேலை இருக்கும், சம்பளம் கிடையாது. டெல்டாவில் வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் ஒன்று, வெள்ளமும் உப்பும் தாக்கும் நிலங்களில் விவசாயிகள் என்ன செய்து சமாளிக்கிறார்கள் என்பதைத் தொகுக்க ஆள் கேட்டிருந்தது.

விண்ணப்பத்தில் நாட்டுக்கு உழைக்க ஆசை, மண்மேல் பற்று என்றெல்லாம் எழுதுவதை விட, என்ன செய்யத் தெரியும் என்பதை எழுதுவது நல்லது. ஆவணங்களை வகைப்படுத்தத் தெரியும், விரிதாளில் பிழை திருத்தத் தெரியும், டெல்டா பேச்சுவழக்கு காதில் விழுந்தால் அப்படியே எழுதத் தெரியும் என்று எழுதினேன். நேர்காணல் காணொளியில் நடந்தது. அவர்கள் கேட்டதில் ஒரு கேள்வி நினைவில் இருக்கிறது: "ஒரே விஷயத்தை மூன்று விவசாயிகள் மூன்று விதமாகச் சொன்னால் எதை எடுத்துக்கொள்வீர்கள்?" மூன்றையும் எடுத்துக்கொண்டு, எந்த மண், எந்தப் பட்டம் (விதைக்கும் பருவம்), எத்தனை நாள் பயிர் என்று திரும்பக் கேட்பேன் என்றேன். வேலை முழுக்க அதுவாகத்தான் இருந்தது.

உள்ளே போனபோது கையில் கிடைத்தது வாட்ஸ்அப் குரல் பதிவுகள், தேதியில்லாத வயல் படங்கள், பயிற்சி முகாம் குறிப்புகள், முடிந்துபோன திட்டங்களின் அறிக்கைகள். அறிக்கைகள் எல்லாம் ஆங்கிலத்தில், நிதி கொடுத்தவர்களுக்காக எழுதியவை. யாருடைய வயலில் பார்த்து எழுதினார்களோ அவருக்கு ஒரு வரிகூடத் திரும்பப் போகவில்லை. இதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்னும் இருக்கிறது.

முதல் வேலை ஒரு படிவம் தயாரிப்பது. நில மேலாண்மை நடைமுறைகளைப் பதிவு செய்ய 1992 முதல் இயங்கும் 'வோகாட்' என்ற உலகளாவிய வலையமைப்பின் விரிவான கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது. களப்பணியாளர் ஒருவர் வரப்பில் நின்று அத்தனையும் கேட்டு எழுத முடியாது. அதன் போக்கைப் பார்த்துக்கொண்டு சிறியதாக ஒன்று செய்தோம்: என்ன பிரச்சினை, எந்த மாதம், மண், ரகம், பயிரின் வயது, என்ன செய்தார், என்ன செலவு, என்ன ஆனது, எங்கே பலிக்கவில்லை. கடைசிக் கேள்விக்குத்தான் மிக நல்ல பதில்கள் வந்தன.

எடுத்துக்காட்டாக ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டியது. அந்த மழையை ஒட்டிய பதிவு ஒன்று எங்கள் தொகுப்பில் இருந்தது. "சப்-1 ரகம் வெள்ளத்தில் பிழைத்தது" என்று ஒரே வரி. பார்த்தால் பிரமாதமான செய்தி. ஆனால் அதை அப்படியே இன்னொரு விவசாயியிடம் கொடுத்தால் அவர் நஷ்டப்படலாம்.

சப்-1 என்பது ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்ஆர்13ஏ என்ற ரகத்திலிருந்து கிடைத்த மரபணு. பயிர் முழுதாக மூழ்கினால் சாதாரண நெல் மூச்சுக்காக நீண்டு வளரப் பார்த்து, இருக்கிற சத்தையெல்லாம் செலவழித்துவிடும். தண்ணீர் வடிந்ததும் துவண்டு விழும். சப்-1 உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சத்தைச் சேமிக்கும். இரண்டு வாரம் வரை தாங்கும், வடிந்த பிறகு புதுத்தூர் விடும். சுவர்ணா சப்-1, நம் பக்கம் சிஆர் 1009 சப்-1 எல்லாம் இப்படி வந்தவை. இது இளம்பயிர் முழுதாக மூழ்கும் வெள்ளத்துக்குத்தான் பொருந்தும். முழங்கால் அளவு தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும் தாழ்வான பள்ளக்கால் நிலத்திலோ, பூக்கும் நேரத்து வெள்ளத்திலோ, அறுவடை நேரத்து மழையிலோ இந்த மரபணு பெரிதாகக் காப்பாற்றாது.

ஆகவே பதிவில் உள்ள விவசாயியைத் தொலைபேசியில் பிடித்தேன். பெரியவர், நிதானமாகப் பேசினார்.

"பெரியப்பா, நட்டு எத்தனை நாள் பயிரு அது?"

"முப்பது முப்பத்தஞ்சு நாள் இருக்கும்மா. தூர் கட்டுற நேரம்."

"முழுசா மூழ்கிடுச்சா, நுனி தெரிஞ்சுதா?"

"மொதல்ல ஒண்ணுமே தெரியல, வெறும் தண்ணிதான். நாலாம் நாளு நுனி தெரிஞ்சுது."

"பக்கத்து வயல்ல?"

"அங்க பத்து நாளுக்கு மேல நின்னுச்சு. அவரும் அதே நெல்லுதான் போட்டிருந்தாரு, பாதிக்கு மேல அழுகிடுச்சு. நெல்லு மட்டும் காப்பாத்தலம்மா. நாங்க நாலு பேரு காசு போட்டு வடிவாய்க்காலத் தூர் வாரி வச்சிருந்தோம். அதத்தான் நீ எழுதணும்."

பழைய பதிவில் வடிவாய்க்கால் என்ற பேச்சே இல்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. டெல்டாவில் 'ஆயிரத்தொம்பது' என்றால் சப்-1 சேர்க்காத பழைய சிஆர் 1009-ஆகவும் இருக்கலாம். அதையே பொன்மணி, சாவித்திரி என்றும் சொல்வார்கள். விதை வாங்கிய பையின் படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே சப்-1 என்று உறுதியானது. மூன்று பெயரில் எதைத் தேடினாலும் பழைய ரகத்தின் பதிவு வரும்படியும், சப்-1 தனியாக வரும்படியும் வைத்தோம். நூலகத்தில் தினமும் செய்யும் வேலைதான், ஆனால் இங்கே பெயர் மாறினால் ஒருவருடைய ஒரு போகம் போய்விடும்.

உப்பு நிலம் பற்றிய பதிவுகளிலும் இதே கதை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகை வயல்களைத் தேற்றியது குறித்து நிறையக் குறிப்புகள் இருந்தன: தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்து மடக்கி உழுதது, ஜிப்சம் போட்டது, மழைத்தண்ணீரைத் தேக்கி வடித்தது, குழியடிச்சான் மாதிரி உப்பைத் தாங்கும் பாரம்பரிய நெல் போட்டது. இவற்றில் ஜிப்சம் களர் நிலத்துக்குத்தான், அதாவது கார அமில நிலை 8.5-க்கு மேல் போய் சோடியம் மண்ணில் ஒட்டிக்கொண்ட நிலத்துக்குத்தான் சரியான மருந்து. உப்பு மட்டும் கூடியிருக்கும் வெறும் உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீர் கட்டி வடிப்பதே வழி, அங்கே ஜிப்சம் வாங்குவது வீண் செலவு. மண் பரிசோதனை எண் இல்லாத ஜிப்சம் பதிவுகளை எல்லாம் பொதுப் பார்வையிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். நிறுவனத்தில் சிலருக்கு வருத்தம். தொகுப்பு சிறியதாகத் தெரியும் என்றார்கள். சிறியதாகவே இருக்கட்டும்.

சரிபார்ப்புக்கு வேளாண் அறிவியல் நிலையத்து விஞ்ஞானிகள் உதவினார்கள். ஆய்வு ஆதாரம் உள்ளது, பல விவசாயிகள் செய்தது, ஒருவர் மட்டும் செய்தது என்று மூன்று குறி. அரசு பரிந்துரைகளுக்கும் தேதி போட்டோம். தண்ணீர் வடிந்ததும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கலந்து இலைவழி தெளிப்பது வேளாண் துறை திரும்பத் திரும்பச் சொல்வது. அதற்குப் பக்கத்திலேயே 'தண்ணீரை வடித்த பிறகு மட்டும்' என்று எழுதினோம். அந்தச் சொற்கள் விட்டுப்போன துண்டுச் செய்தி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஒப்புதல் வாங்குவதை யாரும் சுருக்கிவிடக் கூடாது. ஒருவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பாதுகாத்த விதையைப் பற்றிச் சொல்கிறார் என்றால் அது அவர் சொத்து. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விவசாயிகள் தங்கள் ரகத்தைத் தங்கள் பெயரிலேயே பதிவு செய்யலாம். இதை அவரிடம் எடுத்துச் சொல்லி, பெயர் போடலாமா, ஊர் போடலாமா, எதுவும் வேண்டாமா என்று கேட்டோம். ஓர் அம்மா விதையைப் பற்றி எழுதச் சொன்னார், எங்கே கிடைக்கும் என்பதை எழுத வேண்டாம் என்றார். அப்படியே விட்டோம்.

பெண்களின் குரல் முதல் தொகுப்பில் மிகக் குறைவாக இருந்தது. விதை நெல்லைக் காய வைத்து, நொச்சி, வேப்பிலை போட்டுக் காப்பது பல வீடுகளில் அவர்கள்தான். பதிவுக்குப் போன ஆள் வீட்டில் ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், வேலை ஓய்ந்த பிறகு அழைத்தால் நன்றாகப் பேசுகிறார்கள். இந்த ஒரு மாற்றத்தில் விதை சேமிப்புப் பகுதி நிறைந்தது.

திருப்பிக் கொடுப்பது பற்றி நான் விடாப்பிடியாக இருந்தேன். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, வீராம்பட்டினத்தில் கடல் அலை உயரத் தகவலை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு வாசித்தார்கள். படிக்கத் தெரிய வேண்டியதில்லை, போன் வேண்டியதில்லை. நாங்கள் ஒரு நிமிடக் குரல் பதிவுகள் செய்தோம், அந்தந்த ஊர்க்காரர் குரலிலேயே. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன் குறுவைக்கானவை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகால், வெள்ளம் பற்றியவை. பருவம் தாண்டி வரும் தகவலால் யாருக்கும் பலனில்லை.

சேர விரும்புகிறவர்கள் ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: தொகுப்பை யார் பயன்படுத்தப் போகிறார்கள், நீங்கள் போன பிறகு யார் புதுப்பிப்பார்கள். பதில் வரவில்லை என்றால் வேறு பணி பாருங்கள். வேளாண் பட்டம் அவசியம் இல்லை. பொறுமையாகக் கேட்பதும், கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதும் வேண்டும்.

ஒப்பந்தக் காலம் முடிந்தும் அந்த நிறுவனத்தோடு நேரடியாகத் தொடர்கிறேன். இப்போது குறைவாக இருப்பது அறுவடை நேரத்து மழை பற்றிய பதிவுகள். 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் சம்பா முற்றிய நேரத்தில் பெய்து கதிர் சாய்ந்தது, நெல் கதிரிலேயே முளைத்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால், மத்திய அரசு தளர்வு தரும் வரை நெல்லை எடுக்க மாட்டார்கள். அந்த நாட்களில் சாய்ந்த பயிரை எப்படி அறுத்தீர்கள், நெல்லை எங்கே எப்படிக் காய வைத்தீர்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரகம், எத்தனை நாள் மழை, கையறுப்பா இயந்திரமா என்பதையும், பலிக்காமல் போன முயற்சியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.